வைட்ஹார்ஸில் மளிகை வாங்குவது எப்படி: யூக்கானுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூக்கானில் வேலை கிடைத்தவர்கள் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்த கேள்வி அரிசி. "அங்கே எல்லாமே ரெண்டு மடங்கு விலையாமே, இங்கிருந்தே மூட்டை கட்டிக் கொண்டுவந்துடவா?" டொராண்டோக்காரரும் சென்னைக்காரரும் இதை ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்.

வேண்டாம். யூக்கானின் தலைநகரான வைட்ஹார்ஸ் தனித்துக் கிடக்கும் ஊர்தான், மறுக்கவில்லை. வான்கூவரிலிருந்து சாலை வழியே சுமார் 2,400 கிலோமீட்டர், எட்மண்டனிலிருந்து சுமார் 2,000. ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி இங்கே 28,000 பேர் இருக்கிறார்கள், ஊருக்குள் பெரிய கடைகள் இருக்கின்றன, வருஷம் முழுக்க லாரி வருகிற சாலை இருக்கிறது. ஒரு டப்பா ஜூஸுக்கும் ஒரு பை திராட்சைக்கும் பயமுறுத்தும் விலை ஒட்டிய படங்கள் வாட்ஸப்பில் சுற்றுகின்றனவே, அவை பெரும்பாலும் விமானத்தை விட்டால் வேறு வழியில்லாத ஊர்களில் எடுத்தவை. வைட்ஹார்ஸ் அந்த வகை இல்லை.

இங்கே விலை கடைக்குக் கடை மாறுவதைவிடப் பொருளுக்குப் பொருள்தான் அதிகம் மாறுகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், கோதுமை மாவு, டின்னில் அடைத்த கடலை, தக்காளி இவையெல்லாம் தெற்கே கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆஃபரில் வாங்கினால் அதுவும் தெரியாது. கீரை, கொத்தமல்லி, பழம், பால், தயிர் போல அழுகவோ திரியவோ கூடியவற்றில்தான் கை கடிக்கும். அதைவிட மோசம், அவற்றை ஆசைக்கு வாங்கி, பாதியைத் தூக்கிப் போடுவது. கீழே சொல்லியிருப்பதில் பாதி, வீணாக்காமல் இருப்பதைப் பற்றித்தான்.

1. பெட்டியில் எதை வைப்பது

அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை எதுவும் வேண்டாம். கனமாக இருக்கும், இங்கேயே கிடைக்கும். இங்கே கிடைக்காததும் எடை குறைந்ததும்தான் பெட்டிக்கு உரியவை: உங்கள் வீட்டு சாம்பார்ப் பொடி, இலங்கைக்காரர்கள் என்றால் வறுத்த கறித்தூள், பெருங்காயம், நல்ல மிளகாய் வற்றல், கல்பாசி மாதிரி பெயர் சொன்னால் யாருக்கும் புரியாத சாமான்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் உணவுப் பொருள் எது இருந்தாலும் விமான நிலையத்தில் சுங்கத்திடம் சொல்லிவிட வேண்டும். சொன்னால் தொல்லை இல்லை, சொல்லாமல் மாட்டினால்தான் அபராதம். விதை, செடி, பச்சைக் காய், இறைச்சி, வீட்டு நெய் இவற்றை விட்டுவிட்டு வாருங்கள்.

குக்கர் கொண்டுவரலாம், கூடவே இரண்டு கேஸ்கட். மிக்ஸி, கிரைண்டரை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவராதீர்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட், 230 வோல்ட் மிக்ஸி இதில் சரியாக ஓடாது. 110 வோல்ட் மாடல் என்று கேட்டு வாங்கினால் சரி.

2. எந்தக் கடையில் எது

ஊரின் அமைப்பு எளிது. விமான நிலையமும் அலாஸ்கா நெடுஞ்சாலையும் மேட்டில் இருக்கின்றன. கடைவீதி கீழே, யூக்கான் ஆற்றங்கரையில். டூ மைல் ஹில் என்ற சரிவில் இறங்கினால் பெரிய கடைகள் எல்லாமே கிட்டக் கிட்டத்தான். வால்மார்ட், சேவ்-ஆன்-ஃபுட்ஸ், கனேடியன் டயர் (பெயரில்தான் டயர், வீட்டுச் சாமானும் விற்கும் கடை) ஒரு பக்கம். ரியல் கனேடியன் சூப்பர்ஸ்டோர் அதிலிருந்து கொஞ்சம் தள்ளி. இன்னும் ஊருக்குள்ளே போனால் இண்டிபெண்டென்ட். கார் இருந்தால் ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் சுற்றிவிடலாம். சுற்ற வேண்டும் என்பதில்லை.

மாதச் சாமானுக்கு சூப்பர்ஸ்டோர்தான் என் முதல் தேர்வு. பெரிய மூட்டை அரிசி, ஆட்டா, பருப்பு வகை அங்கேதான் அதிகம். சூப்பர்ஸ்டோரை நடத்தும் லாப்லா நிறுவனத்தின் சொந்த பிராண்டான சூரஜில் நம் சமையலுக்கு வேண்டிய பல சாமான் கிடைக்கும். நோ நேம் என்று மஞ்சள் உறையில் வருவதும் அவர்களுடையதே. எண்ணெய், சர்க்கரை, டின் தக்காளிக்கு அந்த மஞ்சள் உறை போதும், வேறு பிராண்டுக்குக் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. சோப்பு, டயபர், துணிமணி, பாத்திரம் போன்றவற்றுக்கு வால்மார்ட். அங்கே மளிகையும் உண்டு, ஆனால் பச்சைக் காய்கறிக்கு அங்கே நான் போவதில்லை. சேவ்-ஆனில் காய்கறியும் இறைச்சியும் பார்க்க நன்றாக இருக்கும், ஆஃபர் இல்லாத நாளில் விலையும் அதற்கேற்ப இருக்கும். இண்டிபெண்டென்டும் சூப்பர்ஸ்டோரும் ஒரே குடும்பம் என்பதால், வாங்குவதற்கேற்பச் சேரும் பிசி ஆப்டிமம் சலுகைப் புள்ளிகள் இரண்டிலும், ஷாப்பர்ஸ் மருந்துக்கடையிலும் சேரும். வந்த முதல் நாளே அந்த அட்டையை ஃபோனில் வாங்கிவிடுங்கள், காசு கிடையாது.

போர்ட்டர் கிரீக், ரிவர்டேல் பகுதிகளில் சூப்பர் ஏ என்ற சின்னக் கடைகள் இருக்கின்றன. பால் தீர்ந்துவிட்டது, வெளியே மைனஸ் 30, கார் இல்லை என்றால் அது வரம். வாரச் சாமானையே அங்கே வாங்கிப் பழகினால் மாதக் கடைசியில் பட்ஜெட் இடிக்கும்.

இன்னொன்று. டாசன், மேயோ, வாட்சன் லேக் மாதிரி ஊர்களிலிருந்து மக்கள் மாதத்துக்கு ஒருமுறை, இருமுறை இங்கே வந்து வண்டி நிறைய வாங்கிப் போவார்கள். அதனால் சனிக்கிழமை மதியம் கூட்டமும் இருக்கும், கடைத் தட்டுகளில் காலியிடமும் இருக்கும். கோடையில் இதோடு அலாஸ்கா போகும் கேம்பர் வண்டிக்காரர்களும் சேர்ந்துகொள்வார்கள். வார நாளில் வேலை முடிந்து போவதே உத்தமம்.

3. முதல் பில்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

முதல் வாரத்தில் உப்பிலிருந்து துடைப்பம் வரை எல்லாம் ஒரே நாளில் வாங்குவீர்கள். அந்த பில்லை ஊருக்கு ஃபோன் போட்டுச் சொல்லி அழாதீர்கள், அது உங்கள் மாதச் செலவு அல்ல. முடிந்தால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாப்பாட்டுக்கு வேண்டியது மட்டும். பாத்திரம், கத்தி, வாளி, நாற்காலி இதெல்லாம் இரண்டு வாரம் பொறுத்து, பழைய பொருள் விற்கும் கடைகளையும் ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் விற்பனைக் குழுக்களையும் பார்த்துவிட்டு வாங்கலாம். அரசு வேலைக்கும் சுரங்க வேலைக்கும் வந்து இரண்டு, மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுகிறவர்கள் இங்கே நிறைய. கிளம்பும்போது வீட்டுச் சாமானைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். பாத்திரம் புதிதாகத்தான் வேண்டும் என்றால் கனேடியன் டயரில் முழு விலைக்கு வாங்காதீர்கள். பாத்திர செட்டுகளுக்கு அங்கே அடிக்கடி பெரிய தள்ளுபடி வரும், அதற்காகக் காத்திருங்கள்.

நீங்கள் தேடி வாங்க வேண்டிய முதல் பெரிய பொருள் சோஃபா அல்ல, ஃப்ரீசர். மேல்மூடி திறக்கிற, பெட்டி மாதிரியான ஃப்ரீசர். பழையதாகவே கிடைக்கும். இந்த ஊரில் மளிகைச் செலவு கட்டுக்குள் இருக்கிற வீடுகளில் எல்லாம் அது இருக்கிறது.

4. விலைச்சீட்டைப் படிக்கும் விதம்

காய்கறி, இறைச்சிப் பக்கம் பெரிய எழுத்தில் இருக்கிற விலை பெரும்பாலும் பவுண்டுக்கு. கிலோ விலை கீழே பொடி எழுத்தில் இருக்கும். ஒரு பவுண்டு 454 கிராம், அதனால் பெரிய எழுத்து விலையை 2.2 ஆல் பெருக்கினால்தான் நமக்குப் பழகிய கிலோக் கணக்கு வரும். பவுண்டு 2 டாலர் என்று எழுதியிருக்கும் தக்காளி, கிலோ 4 டாலர் 40 சென்ட். பாக்கெட்டில் அடைத்தவற்றுக்கு 100 கிராம் விலை சீட்டின் மூலையில் சின்னதாக இருக்கும், அதை மட்டும் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஆஃபர் வாரத்தில் சின்ன பாக்கெட் ஜெயித்துவிடும்.

வாராந்தர ஆஃபர் பெரும்பாலும் வியாழக்கிழமை மாறும். ஃபோனில் பார்க்கும்போது கடை இடமாக வைட்ஹார்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். டொராண்டோவில் வைத்திருந்த செட்டிங் அப்படியே இருந்தால், அங்கத்திய விலையைப் பார்த்துவிட்டு இங்கே கவுண்டரில் சண்டை போட நேரும்.

சண்டை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் ஒட்டிய விலையைவிட பில்லில் கூட விழுந்தால் பேசாமல் வராதீர்கள். கனடாவில் பல பெரிய கடைகள் தாமாகவே ஒரு விதியை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பார்கோடு உள்ள பொருள் தட்டு விலையைவிடக் கூடுதலாக ஸ்கேன் ஆனால், 10 டாலருக்கு உட்பட்டதை இலவசமாகத் தர வேண்டும், அதற்கு மேற்பட்ட விலை என்றால் 10 டாலர் கழிக்க வேண்டும். எல்லாக் கடையும் இதில் சேரவில்லை. வாடிக்கையாளர் சேவைக் கவுண்டரில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். குரல் உயர்த்தத் தேவையில்லை, தட்டு விலையை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

வரியைப் பொறுத்தவரை யூக்கானில் ஒரு சௌகரியம். மாகாண விற்பனை வரி என்று ஒன்று கிடையாது, 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும்தான். அதுவும் அரிசி, பருப்பு, பால், முட்டை, காய்கறி, இறைச்சி போன்ற அடிப்படை உணவுக்கு இல்லை. சிப்ஸ், உப்புக் கடலை, சாக்லேட், குளிர்பானத்துக்கு உண்டு. ஒரு வேடிக்கை: மஃபின் ஒன்று வாங்கினால் வரி, ஆறாக ஒரே பாக்கெட்டில் வாங்கினால் வரி கிடையாது. ஒன்டாரியோவில் 13 சதவீதம் கொடுத்தவர்களுக்கு டயபர் நீங்கலாகச் சோப்பு, பாத்திரம், ஃப்ரீசர், டயர் எல்லாவற்றிலும் இந்த வித்தியாசம் கண்ணில் படும். டயபருக்கு அங்கேயும் 5 சதவீதம்தான்.

5. காய்கறி

கலிஃபோர்னியாவிலோ மெக்சிகோவிலோ பறித்த கீரை வான்கூவர் அல்லது ஆல்பர்ட்டா கிடங்குக்கு வந்து, அங்கிருந்து லாரியில் இரண்டு நாள், மூன்று நாள் பயணம் செய்து இங்கே வந்து சேருகிறது. நீங்கள் கையில் எடுக்கும்போது அதன் ஆயுளில் பெரும்பங்கு சாலையிலேயே கழிந்திருக்கும். அதனால் கொத்தமல்லியோ பாலக்கோ வாங்கினால் அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வியாழக்கிழமை பருப்புக் கடைசலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் இங்கே நடக்காது.

பிளாஸ்டிக் டப்பாவில் வரும் கீரையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். மேலே பச்சையாகச் சிரிக்கும். அடியில் ஓர் இலை கறுத்து டப்பாவோடு ஒட்டியிருந்தாலோ, உள்பக்கம் முழுக்க நீர் முத்துக்கள் பூத்திருந்தாலோ வைத்துவிடுங்கள். தேதி நான்கு நாள் தள்ளி இருந்தாலும் நாளைக்கே கொழகொழத்துவிடும். கொத்தமல்லிக் கட்டில் ரப்பர் பேண்டுக்குக் கீழே விரலை விட்டுப் பாருங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும்.

லாரி எந்த நாளில் வரும் என்பது கடைக்குக் கடை வேறு. காய்கறி அடுக்கும் பையனிடம் கேட்டால் தயங்காமல் சொல்வான். இரண்டு முறை கேட்டால் மூன்றாம் முறை அவனே, "இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்க" என்பான். இந்த ஊரில் அப்படி ஒரு பழக்கம் எளிதாக வந்துவிடுகிறது.

நீண்ட பயணத்தைத் தாங்குகிற காய்களை வாரத்தின் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள்: முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெள்ளை முள்ளங்கி, வெங்காயம், உருளை, பூசணி. கேரட்டும் உருளையும் உள்ளூரிலேயே விளைகின்றன. யூக்கான் கிரெய்ன் ஃபார்ம் என்ற பெயர் போட்ட பைகளைப் பார்த்தால் எடுங்கள். கோடை இரவுகளின் வெளிச்சத்தாலோ குளிர்ந்த மண்ணாலோ, அந்தக் கேரட்டுக்கு ஓர் இனிப்பு இருக்கிறது, பொரியலுக்குத் தேங்காய் கூட வேண்டாம். கோடை மாதங்களில் வியாழக்கிழமைதோறும் ஷிப்யார்ட்ஸ் பூங்காவில் ஃபயர்வீட் சந்தை கூடும். கீரை, முள்ளங்கி, கேல் எல்லாம் அன்று காலை பறித்தவை. விலை சூப்பர்ஸ்டோரைவிடக் கூட, ஆனால் ஒரு தண்டும் வீணாகாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மற்றதெல்லாம் ஃப்ரீசர் வரிசையில். பட்டாணி, பீன்ஸ், பாலக், வெண்டைக்காய், சோளம் இவை பறித்த சூட்டோடு உறைய வைத்தவை, ஜனவரி மாதத்துப் பச்சைக் காயைவிட ருசி தேவலை. "ஃப்ரோசன் காயா?" என்று முகம் சுளிக்கிறவர்கள் ஒரு குளிர்காலம் போனால் வழிக்கு வந்துவிடுவார்கள்.

தேதி நெருங்கிய கோழி, ஆட்டிறைச்சிப் பாக்கெட்டுகளில் பாதி விலை என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அன்றே சமையுங்கள், அல்லது அன்றே கழுவி, வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். ஆஃபரில் வாங்கிய இஞ்சி, பூண்டையும் அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி வைத்துவிட்டால் மாதக்கணக்கில் கவலை இல்லை.

6. கடையிலிருந்து வீட்டுக்கு

மற்ற ஊர் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. டிசம்பர், ஜனவரியில் மைனஸ் 35 வரும் நாட்கள் உண்டு. சூப்பர்ஸ்டோரில் காய்கறி வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, "அப்படியே கனேடியன் டயருக்கும் ஒரு எட்டு" என்று போய் முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால், லெட்யூஸ் கண்ணாடி மாதிரி விறைத்திருக்கும். வீட்டில் வைத்ததும் உருகிக் கூழாகும். முட்டை ஓடு கீறிவிடும். வாழைப்பழம் மறுநாள் கறுப்பு. சோடா கேன் வெடித்தால் டிக்கி முழுக்கப் பனிக்கட்டி.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். வன்பொருள், மருந்து, வங்கி எல்லாம் முதலில், காய்கறிக் கடை கடைசியில். வண்டியைச் சூடேற்றி வைத்துவிட்டு, பச்சைக் காய், முட்டை, பால் இவற்றை டிக்கியில் வைக்காமல் உள்ளே இருக்கையில் வையுங்கள். கோடையில் குளிர் காக்கிற கூலர் பெட்டி இங்கே குளிர்காலத்தில் சூடு காக்கும் பெட்டி. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதை உள்ளே வைத்துக் கொண்டுபோக வேண்டும், இரவெல்லாம் டிக்கியில் கிடந்த கூலரால் பயனில்லை. டிக்கி உறைந்த சாமானுக்கு. ஐஸ்கிரீம் பத்திரமாக வரும்.

பேருந்தில் போகிறவர்கள், வாங்குவதை இரண்டு பைக்குள் நிறுத்திக்கொண்டு, அடுத்த பேருந்து வரும் நேரம் பார்த்து பில் போடுங்கள். நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றால் கொத்தமல்லிக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

7. நம் சாமான்

துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, பாசிப்பருப்பு, பாஸ்மதி, ஆட்டா, மஞ்சள்தூள், சீரகம் பெரிய கடைகளிலேயே. பொன்னி, இட்லி அரிசி, முழு உளுந்து கிடைத்தால் கிடைத்தது. வைட்ஹார்ஸில் பிலிப்பீன்ஸ்காரர்கள் நிறைய, அவர்களுக்கான ஆசியக் கடைகளும் உண்டு. நம்மவர்கள் பலருக்கு அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே தோன்றுவதில்லை. உறைந்த தேங்காய்த் துருவல், தேங்காய்ப் பால், புளி, மரவள்ளித் துருவல், நெத்திலிக் கருவாடு எல்லாம் அவர்கள் சமையலிலும் உண்டு. 'மலுங்காய்' என்று எழுதிய உறைந்த பாக்கெட்டைப் பார்த்தால் விடாதீர்கள், அது முருங்கைக் கீரை.

டொராண்டோவில் உறவு இருக்கிறவர்கள் கனடா போஸ்டின் ஃப்ளாட் ரேட் பெட்டியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். 5 கிலோ வரை, கனடாவுக்குள் எங்கே அனுப்பினாலும் அந்த அளவுப் பெட்டிக்கு ஒரே விலை. பக்கத்துத் தெருவுக்கும் அதே, யூக்கானுக்கும் அதே. மிளகாய்த்தூள், கறித்தூள், வடகம், அப்பளம், காபிப்பொடிக்கு இது அருமையான வழி. அரிசியை இதில் அனுப்பச் சொன்னால் தபால் செலவில் இங்கேயே இன்னொரு மூட்டை வாங்கிவிடலாம்.

யாராவது வான்கூவர் போகிறார்கள் என்றால் பெட்டிக்குள் காலிப் பெட்டி ஒன்றை வைத்து அனுப்புங்கள். சர்ரேயில் இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எட்மண்டன் என்றால் மில் வுட்ஸ் பக்கம். கறிவேப்பிலையை அங்கே வாங்கி, கழுவி, ஈரம் போக உலர்த்தி, பைக்குள் காற்றில்லாமல் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் மாதங்களுக்கு வரும். எடுத்த உடனே, உருகவிடாமல், நேராக எண்ணெயில் போட வேண்டும்.

இணையத்தில் வாங்குவதற்கு முன் ஒய்1ஏ என்று தொடங்கும் இங்கத்திய அஞ்சல் குறியீட்டை இட்டுப் பாருங்கள். வடக்கே அனுப்ப மாட்டோம் என்கிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அனுப்புவோம் என்பவர்கள் போடும் கட்டணம் சில சமயம் பொருளின் விலையைத் தாண்டும். 'கனடா முழுவதும் இலவசம்' என்ற வரியில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அது நமக்காகப் போட்டது.

8. சாலை மூடினால்

2012 ஜூனில் பெருமழையும் மண்சரிவும் அலாஸ்கா நெடுஞ்சாலையைச் சில நாட்கள் துண்டித்தன. லாரி நின்றது. வைட்ஹார்ஸ் கடைகளில் பால், ரொட்டி, காய்கறித் தட்டுகள் வெறுமையாகின. வாட்சன் லேக்கிலிருந்து தெற்கே போக ஸ்டூவர்ட்-காசியர் என்று இன்னொரு சாலை உண்டு. ஆனால் வாட்சன் லேக்குக்கும் வைட்ஹார்ஸுக்கும் நடுவே, லாரிகள் நம்பியிருப்பது அலாஸ்கா நெடுஞ்சாலை ஒன்றைத்தான். மழை, காட்டுத்தீ, பனிப்புயல் எதுவும் அதை மூடலாம்.

இதற்காக நிலவறை நிறைய அடுக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், குழந்தை இருந்தால் அதன் பால்மாவு, அன்றாட மருந்து, குடிநீர் கொஞ்சம். நம் சமையலறையில் இதில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கும், பால் பவுடரை மட்டும் சேர்த்தால் போதும். சாலை நிலவரத்துக்கு 511 யூக்கான் தளத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணப் பக்கம் மூடியிருந்தாலும் லாரி வராது, அதற்கு டிரைவ்பிசி. அலமாரி காலி என்று யாரோ போட்ட படத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுவதைவிட இது நல்லது. சாலை திறந்ததும் லாரிகள் வரிசையாக வந்துவிடும்.

9. காஸ்ட்கோ

மொத்த அளவில் மலிவாக விற்கும் காஸ்ட்கோ கடை வைட்ஹார்ஸில் கிடையாது. தெற்கே போனால் 1,500 கிலோமீட்டருக்கு மேல். சாலை வழியே இருப்பதில் கிட்டத்தில் அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ், சுமார் 950 கிலோமீட்டர். ஊரில் சிலர் போய்வருவார்கள், கேட்கும்போது ஆசையாக இருக்கும்.

முதலில் விசா. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு, கனடாவில் நிரந்தர வசிப்புரிமை அட்டை இருந்தாலும், அமெரிக்க விசா வேண்டும். அடுத்து சுங்கம். 24 மணி நேரம் வெளியே இருந்தால் 200 கனடிய டாலர் வரை, 48 மணி நேரம் என்றால் 800 வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். அன்றே போய் அன்றே திரும்பினால் சலுகை ஏதும் இல்லை. பால் பொருள், கோழி, இறைச்சிக்குத் தனி உச்சவரம்பும் உண்டு. பெட்ரோல், இரவு தங்கும் செலவு, அமெரிக்க டாலர் மாற்று விகிதம் எல்லாம் கூட்டினால் மளிகைக்காக மட்டும் போவது நஷ்டம். எப்படியும் ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால், திரும்பும் வழியில் வண்டியில் இடம் இருந்தால், சரி.

10. அரசாங்கம் திருப்பித் தருவது

விலை கூட இருக்கிறது என்று புலம்புகிறவர்களில் பலர், வடபகுதியில் வசிப்பவர்களுக்கான வரிக் கழிவைக் கோரும் டி2222 படிவத்தைத் தொடாமல் விட்டிருப்பார்கள். வடபகுதியில் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து வசித்தால் வருமான வரிக் கணக்கில் இதைக் கோரலாம். யூக்கான் முழுவதும் முழுச் சலுகைக்குரிய மண்டலம்: நாளொன்றுக்கு 11 டாலர் அடிப்படைக் கழிவு, வீட்டில் ஒருவர் மட்டும் கோரினால் இன்னொரு 11. ஆண்டு முழுக்க 22 டாலர் வீதம் என்றால் 8,030 டாலர் உங்கள் வருமானத்திலிருந்து கழியும். இது கையில் வரும் பணம் அல்ல, வரி போடப்படும் தொகை குறைகிறது. வரி கட்டுகிறவர் குறைந்த அடுக்கில் இருந்தாலும் 1,500 டாலருக்கு மேல் மிச்சமாகும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால் ஆளுக்கு 11 என்று பிரிப்பதா, ஒருவரே 22 எடுப்பதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் கூடுதலாக வாங்குகிறவர் எடுப்பதுதான் வழக்கமாக லாபம்.

ஆண்டுக் கடைசி வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலையில் சேரும்போது கொடுக்கிற டிடி1 படிவத்திலேயே வடபகுதிக் கழிவுக்கு ஒரு வரி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருக்கப் போவது உறுதி என்றால் அதை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொரு சம்பளத்திலும் பிடித்தம் குறையும். அலுவலகத்தில் யாரும் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதல் சம்பளம் வரும்வரை கை முடையாக இருந்தால், வைட்ஹார்ஸ் உணவு வங்கி 2009 முதல் இயங்குகிறது. வேலையில் இருப்பவர்களும் அங்கே போகிறார்கள். கூச்சப்பட ஏதுமில்லை.

வைட்ஹார்ஸைத் தாண்டி வேலை என்றால்

ஆசிரியர், செவிலியர் வேலைக்கு வருகிறவர்களைச் சின்ன ஊர்களுக்கு அனுப்புவார்கள். டாசன் சுமார் 530 கிலோமீட்டர் வடக்கே, வாட்சன் லேக் சுமார் 440 கிழக்கே. ஊர்க் கடையில் எல்லாம் இருக்கும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், விலையும் ஒரு படி ஏறியிருக்கும். உலர்ந்த சாமானை வைட்ஹார்ஸில் மொத்தமாக வாங்கிக்கொண்டு, பால், முட்டை, ரொட்டியை ஊர்க் கடையில் வாங்குங்கள். அந்தக் கடையை அடியோடு ஒதுக்காதீர்கள், பனிக்காலத்தில் சாலை மூடினால் கை கொடுப்பது அதுதான்.

ஓல்ட் க்ரோ மட்டும் தனிக் கதை. யூக்கானில் வருஷம் முழுக்கச் சாலை இல்லாத ஊர் அது ஒன்றுதான், சாமான் விமானத்தில் போகிறது. 2011ல் தொடங்கிய நியூட்ரிஷன் நார்த் கனடா மானியம் யூக்கானில் அந்த ஊருக்கு மட்டுமே உண்டு. பால், காய்கறி, இறைச்சி போன்றவற்றுக்கு அந்த மானியம் கடை விலையிலேயே கழிக்கப்பட்டிருக்கும், எவ்வளவு கழிந்தது என்பதை பில்லில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கவுண்டரிலேயே கேளுங்கள்.